மழை உள்ளே வரும் வழி: பழைய காரின் கண்ணாடி இறப்பர்களை மாற்றுதல்

எமது பகுதிகளில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். இயந்திரம் ஓடுகிறது, கியர் விழுகிறது, பிறேக் பிடிக்கிறது. ஆனால் கால் வைக்கும் இடத்தில் தகடு இற்றுப்போய் வீதி தெரிகிறது. கதவின் அடிப்பகுதியைக் கையால் தட்டினால் துரு கொட்டுகிறது. இயந்திரத்துக்குப் பாகம் தேடலாம். ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தலாம். தகடு போனால் வண்டி போனதுதான். இந்தத் தகட்டைத் தின்பது கீழிருந்து தெறிக்கும் சேறு மட்டுமல்ல. கண்ணாடி ஓரங்களால் சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, பாயின் கீழ் நாட்கணக்கில் தேங்கி நிற்கும் மழைநீரும் அதே அளவு தின்கிறது. அந்த நீரை மறித்து நிற்பது விரல் தடிப்பான ஓர் இறப்பர் கீலம்.

தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும், நோயாளியை ஆசுபத்திரிக்கு ஏற்றுவதற்கும், வாடகை ஓடி அன்றாடச் செலவைப் பார்ப்பதற்கும் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் ஒரே சொத்து சில இடங்களில் இத்தகைய ஒரு வண்டிதான். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நாட்டில் தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது பழைய வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே வழி. இறப்பர் மாற்றும் வேலையை இருவர் மூவர் சேர்ந்தால் ஒரு பகலில் முற்றத்திலேயே செய்துவிடலாம். அதற்கான முறையைக் கீழே விளக்குகின்றோம்.

விளக்கத்துக்கு மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்கின்றோம். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட கார் இது. எமது மூத்தவர்களுக்கு நன்கு பழக்கமானது. 1956 வரை வந்தவற்றில் முன்கண்ணாடி நடுவில் ஒரு சட்டத்தோடு இரண்டு துண்டாக இருக்கும். அதன்பின் வந்தவற்றில் வளைந்த ஒரே கண்ணாடி. இரண்டுக்கும் இறப்பர் வேறு வேறு. கடைக்குப் போகுமுன் உங்கள் வண்டி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒஸ்ரின் ஏ-40, ஏ-55 கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவற்றுக்கும், இறப்பரால் கண்ணாடி பிடிக்கப்பட்டிருக்கும் பழைய வான்களுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பிற்காலத்து வாகனங்களில் முன்கண்ணாடி பலமான பசையால் தகட்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அதை வீட்டில் கழற்ற முயலவேண்டாம்.

இறப்பர் ஏன் பழுதாகிறது?

இலங்கையில் இறப்பர் மரம் முதன்முதலில் வேர்விட்டது 1876 ஆம் ஆண்டு, கம்பகாவுக்கு அருகில் உள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும், 1977 கலவரத்தின் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும் எமது வாசகர்களிடையே உள்ளனர். பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகி, இழுத்துவிட்டாலும் பழைய நிலைக்கு வரும். இதை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்தார். கண்ணாடி இறப்பர் கறுப்பாக இருப்பதும் வெறும் நிறத்துக்காக அல்ல. அதில் கலந்திருக்கும் நுண்ணிய கரித்தூள் வெயிலின் கேட்டைத் தன்மேல் தாங்கிக்கொள்கிறது.

அப்படியிருந்தும் இறப்பர் என்றென்றைக்கும் நிலைக்காது. வெயிலின் சூடு அதிலுள்ள மென்மையூட்டும் எண்ணெய்ப்பசையை வெளியேற்றிவிடுகிறது. அது சுருங்கி விறைக்கிறது. காற்றில் சிறிதளவு இருக்கும் ஓசோன் என்ற வாயு, இழுபட்டு நிற்கும் இறப்பரைக் குறுக்காகப் பிளக்கிறது. கண்ணாடியின் மூலைகளில் பாருங்கள்: இறப்பர் வளைந்து இழுபடும் அந்த இடத்தில்தான் முதல் வெடிப்பு விழும். இழுத்துப் பொருத்திய இறப்பர் விரைவில் வெடிக்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தும்போது இது வேண்டிவரும்.

மூன்றாவது எதிரி நாங்களே. 1990 இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாமல் எமது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பட்ட கையும் துணியும் வண்டியெங்கும் பட்டன. மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஒயில் ஆகிய எதுவானாலும் இயற்கை இறப்பரை ஊதிப் பெருக்கவைத்துப் பின் சதைபோலக் குழையச் செய்துவிடும். "இறப்பருக்கு ஒயில் பூசினால் மினுங்கும்" என்பது உண்மை. ஒரு கிழமைக்கு மினுங்கும்.

நின்றே பழுதான வண்டிகளும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது பல கார்கள் கொட்டிலிலேயே நின்றன. வன்னிக்கு வந்த வண்டிகளுக்கும் 2009 வரை ஓரிடம் நிலையாக இருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக மரத்தின் கீழ் நின்ற காரில் இறப்பர் அமுங்கிய நிலையிலேயே இறுகிப்போயிருக்கும். கதவைத் திறந்தாலும் அது மீண்டும் எழும்பாது. இப்படி நின்ற வண்டியில் கைவைக்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது என்று உறுதிசெய்யப்படாத காணியில் நிற்கும் வண்டிக்குக் கிட்டவும் போகவேண்டாம், பொறுப்பானவர்களுக்கு அறிவியுங்கள். மற்றது, கதவுக்குள்ளும் ஆசனத்தின் கீழும் குளவியும் பாம்பும் குடியிருக்கலாம். தடியால் தட்டிவிட்டுத் திறவுங்கள்.

தண்ணீர் எங்கால் வருகிறது?

இறப்பர் வாங்க ஓடுமுன் இதைக் கண்டுபிடிக்கவேண்டும். பாய் நனைந்திருக்கும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு. முன்கண்ணாடியின் மேல் மூலையில் நுழையும் நீர் உட்தகட்டின் பின்னால் வழிந்து, சாரதியின் காலடியில் வந்து நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பாய்களை எடுத்துவிட்டு உட்புறத்தை நன்றாகக் காயவிடுங்கள். ஒருவர் ரோச் லைற்றுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே நின்று தண்ணீர் ஊற்றவேண்டும். வாளியால் அள்ளி வீசக்கூடாது. சிறிய பாத்திரத்தால் கண்ணாடியின் அடி விளிம்பில் தொடங்கி மெதுவாக மேல்நோக்கி வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருமிக்க நனைந்து, எது எதுவென்று தெரியாமல் போகும். கீழிருந்து வந்தால், எந்த உயரத்தில் ஊற்றும்போது உள்ளே துளி தோன்றுகிறதோ அதுவே வழி. அங்கே சோக்கால் அடையாளம் இடுங்கள்.

கதவைச் சுற்றியுள்ள இறப்பரை, அதாவது கராச்சில் 'பீடிங்' என்று சொல்வதை, சோதிக்கத் தண்ணீரும் தேவையில்லை. பத்திரிகைத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இறப்பர் தொடவில்லை. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் இப்படிப் பாருங்கள். சில வேளை இறப்பர் நன்றாக இருக்கும், கதவின் பிணைச்சல் தேய்ந்து கதவு கீழே இறங்கியிருக்கும். அப்படியானால் பிணைச்சலைச் சரிசெய்யவேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை இறப்பர் மாற்றினாலும் காசு வீண்.

செலவில்லாத முதல் வேலை

கதவுக் கண்ணாடி ஏறி இறங்கவேண்டியது. ஆகவே அதன் ஓரத்தை முற்றாக அடைக்க முடியாது. மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். இது வண்டி செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கதவின் அடியில் சிறு துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். உள்ளே வந்த நீர் அவற்றால் வெளியேறவேண்டும். வேப்பமிலை, புளியமிலை, மண், பழைய பெயின்ற் எல்லாம் சேர்ந்து இந்தத் துவாரங்களை அடைத்துவிட்டால் கதவு ஒரு தொட்டியாக மாறும். கதவைத் திறந்து சாத்தும்போது உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் கேட்டால் அது இதுதான்.

சைக்கிள் கம்பி ஒன்றால் எல்லாத் துவாரங்களையும் குத்தித் திறவுங்கள். பின் கதவுக்குள் இரண்டு சிரட்டை தண்ணீர் ஊற்றி, அது அடியால் ஓடுகிறதா என்று பாருங்கள். துரு பிடித்த அடி விளிம்பு என்று சொல்லி அந்த இடத்தைப் பசையால் முற்றாக அடைத்து வைத்திருக்கும் வண்டிகளைக் கண்டிருக்கிறோம். அது நோயை உள்ளே வைத்துத் தைப்பது போன்றது. காசு இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டுமாவது மாரி தொடங்குமுன் செய்துவிடுங்கள்.

இறப்பர் வாங்கும்போது

பழைய இறப்பரைக் கழற்றியவுடன் எறியவேண்டாம். அதிலிருந்து ஒரு சாண் துண்டை வெட்டி மாதிரிக்குக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார். மாதிரித் துண்டின் வெட்டுமுகத்தில் இருக்கும் தவாளிப்புகளின் அகலம், உதடுகளின் தடிப்பு இரண்டும் புதியதில் ஒத்திருக்கவேண்டும். கண்ணாடி நுழையும் தவாளிப்பு அகலமாக இருந்தால் கண்ணாடி ஆடும். ஒடுக்கமாக இருந்தால் மூலையில் வெடிக்கும்.

கடையில் நெடுங்காலம் தொங்கிய இறப்பரும் பழைய இறப்பர்தான். ஒரு துண்டை இரண்டாக மடித்து, மடிப்பின் வெளிப்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிர்போன்ற வெடிப்புகள் தெரிந்தால் வாங்கவேண்டாம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே மறையவேண்டும். இப்போது ஈ.பீ.டீ.எம். என்ற செயற்கை இறப்பரிலும் இவை கிடைக்கின்றன. வெயிலுக்கும் ஓசோனுக்கும் இயற்கை இறப்பரைவிட அது நன்கு தாங்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அதையே எடுக்கலாம். ஆனால் அதற்கும் ஒயிலும் மண்ணெண்ணெயும் ஆகாது.

முன்கண்ணாடிக்கு வேண்டியது உள்ளே துளைகள் இல்லாத கட்டியான இறப்பர். கதவுக்கு வேண்டியது மெத்தென்ற பஞ்சு இறப்பர். கதவுக்குக் கட்டியான இறப்பரைப் போட்டால் கதவு சாத்தாது. அடித்துச் சாத்தச் சாத்தப் பூட்டும் பிணைச்சலும் கெடும். பஞ்சு இறப்பரிலும் இரண்டு விதம் உண்டு. சிறு துண்டைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிழிந்து பாருங்கள். மெத்தைப் பஞ்சுபோல் தண்ணீர் வந்தால் அது நீரை உறிஞ்சித் தகட்டோடு சேர்த்து வைத்திருக்கும். துருவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தண்ணீர் குடிக்காத பஞ்சு இறப்பரையே வாங்கவேண்டும்.

அளவைக் கயிற்றால் எடுங்கள். கண்ணாடியைச் சுற்றி, அல்லது கதவுச் சட்டத்தைச் சுற்றிக் கயிற்றை இழுக்காமல் வைத்து அளந்து, அதற்குமேல் நான்கு விரல் கூட்டி வாங்குங்கள். மூலைகள் பொருத்தி ஒரே வளையமாக வரும் இறப்பர் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் நீளமாக வாங்கி ஒரு பொருத்து வைக்கலாம்.

சைக்கிள் ரியூப்பைக் கீறி மடித்து வைப்பது எமது ஆட்களின் பழைய வழக்கம். கதவின் ஓரிடத்தில் ஒரு மாரியைக் கடத்த அது உதவும். முன்கண்ணாடிக்கு உதவாது. அங்கே இறப்பர் நீரை மட்டுமல்ல, கண்ணாடியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முன்கண்ணாடி இறப்பர் மாற்றுதல்

வெயில் உள்ள நாளைத் தெரிவுசெய்யுங்கள். புதிய இறப்பரை ஒரு மணித்தியாலம் வெயிலில் போட்டால் இளகி வேலை இலகுவாகும். இருவர் கட்டாயம் வேண்டும், மூவர் நல்லது. பழைய கார்களில் முன்கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடி. நடுவில் குத்துக்குத் தாங்கும். ஓரத்தில் சிறு அடி பட்டாலும் முழுவதும் கற்கண்டுத் துண்டுகள்போல் நொறுங்கிவிடும். நீளக் கைச் சட்டை அணிந்து, கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள்.

வைப்பர் கைகளைக் கழற்றுங்கள். இறப்பரில் மினுங்கும் தகட்டுப் பட்டியோ இறப்பர்ப் பூட்டுப் பட்டியோ செருகியிருந்தால் அதன் நுனியைத் தூக்கி மெதுவாக இழுத்தெடுங்கள். பின்னர் திருப்புளியால் நெம்பிக் கண்ணாடியைக் கிளப்பப் பலர் முயல்வார்கள். கண்ணாடி உடைவது அப்போதுதான். எப்படியும் எறியப்போகும் இறப்பர்தானே? கூரான பிளேட் கத்தியால் வெளிப்புற உதட்டைச் சுற்றிவர வெட்டி எடுத்துவிடுங்கள். கத்தி தகட்டுப் பக்கம் சாயாமல் கண்ணாடிப் பக்கமாகவே ஓடட்டும். பெயின்ற் கீறுபட்டால் அங்கே துரு தொடங்கும். உதடு போனபின் கண்ணாடியைப் பிடிக்க வெளியே ஒன்றும் இல்லை. ஒருவர் உள்ளேயிருந்து மேல் மூலைகளில் உள்ளங்கையால் ஒரே சீராக அமுக்க, மற்றவர்கள் வெளியே ஏந்திக்கொள்ளவேண்டும். எடுத்த கண்ணாடியைச் சாக்கின்மேல் படுக்கவையுங்கள். சீமெந்துத் தரையில் மூலையை ஊன்றி நிறுத்தக்கூடாது.

இனித்தான் முக்கிய வேலை. கண்ணாடி இருந்த இடத்தில் தகட்டின் விளிம்பு சுற்றிவரத் தெரியும். பழைய பசை, மண், துரு எல்லாவற்றையும் கம்பி பிறஸ்ஸாலும் அரத்தாளாலும் பளிச்சென்ற தகடு தெரியும்வரை எடுங்கள். அடி விளிம்பின் இரண்டு மூலைகளையும் விசேடமாகப் பாருங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான். விளிம்பு இற்றுத் துண்டு துண்டாக வந்தால் அத்துடன் நிறுத்தி, முதலில் ஒட்டு வேலை செய்விக்கவேண்டும். பிடிக்க விளிம்பு இல்லாத இடத்தில் எந்த இறப்பரும் நிற்காது. விளிம்பில் துருக்கட்டியோ ஒட்டு வேலையின் முண்டோ இருந்தால் அரத்தால் சமப்படுத்துங்கள். பின்னாளில் 'காரணமில்லாமல்' கண்ணாடி வெடிப்பது அத்தகைய முண்டினால்தான். சுத்தம் செய்த தகட்டுக்கு 'அன்ரிகொரோசிவ்' பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசி, முற்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டு அன்றே கண்ணாடியை ஏற்றவேண்டாம். ஒரு இரவு பொறுத்தால் நல்லது; அதற்குள் மழை வந்தால் மூட ஒரு படங்கு ஆயத்தமாக இருக்கட்டும்.

புதிய இறப்பரை முதலில் கண்ணாடிக்குத்தான் மாட்டவேண்டும், தகட்டுக்கு அல்ல. கண்ணாடியின் ஓரத்தைக் கழுவித் துடைத்து, இறப்பரின் கண்ணாடித் தவாளிப்பைச் சுற்றிவர ஏற்றுங்கள். பொருத்து வைப்பதானால் மேல் விளிம்பின் நடுவில் வருவதையே நாம் விரும்புகின்றோம். அடி விளிம்பில் நீர் நிற்கும். இறப்பரை இழுக்காதீர்கள். மாறாக, மூலைகளை நோக்கிச் சிறிது தள்ளி நெருக்கிவிடுங்கள். இழுத்து மாட்டினால் இன்று அளவாகத் தெரியும். ஒரு வெயில் காலம் கழிய அது சுருங்கிப் பொருத்தில் வாய் திறக்கும். முனைகளை அளவைவிட நெல்மணி அளவு கூடுதலாக வெட்டி, ஒன்றோடொன்று முட்டி நெருங்கும்படி வைத்து இறப்பர்ப் பசையால் ஒட்டுங்கள்.

அடுத்து, தகடு நுழையவேண்டிய மற்றத் தவாளிப்புக்குள் ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றிவரப் பதியுங்கள். மூன்று மில்லிமீற்றர் தடிப்பு போதும். கயிற்றின் இரு நுனிகளும் அடி விளிம்பின் நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றையொன்று தாண்டி, காரின் உட்புறமாகத் தொங்கவேண்டும். தவாளிப்பிலும் தகட்டு விளிம்பிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். ஒயிலோ கிறீசோ வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் வழுக்கவும் செய்யும், காய்ந்தபின் போய்விடவும் செய்யும்.

கண்ணாடியை இறப்பரோடு வெளியிலிருந்து அதன் இடத்தில் நேராக வையுங்கள். வெளியே நிற்பவர் உள்ளங்கைகளால் அடி விளிம்பை அமுக்கிப் பிடிக்க, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு நுனியைக் கண்ணாடியின் நடுப்பக்கம் நோக்கி மெதுவாக இழுக்கவேண்டும். கயிறு வெளிவர வெளிவர, இறப்பரின் உள் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தைபோல் இருக்கும். ஒரு பக்கம் மூலைவரை இழுத்தபின் மறு நுனியை மற்ற மூலைவரை இழுங்கள். பின் பக்கங்கள், கடைசியாக மேல் விளிம்பு. வெளியே அமுக்குபவரின் கை எப்போதும் கயிறு வரும் இடத்துக்கு நேரே இருக்கவேண்டும். கயிறு இறுகினால் பலத்தைக் காட்டாமல் இன்னும் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். உதடு சுருண்டு நிற்கும் இடத்தை மழுங்கலான மரக்கீலத்தால் எடுத்துவிடலாம், இரும்பு வேண்டாம்.

பூட்டுப் பட்டி உள்ள வகையானால், கட்டியான கம்பியைக் கண்போல் வளைத்துப் பிடி போட்டுக்கொண்டால் அதுவே ஆயுதம். கம்பிக் கண்ணுக்குள் பட்டியைக் கோத்து, தவாளிப்பின் வாயைத் திறந்துகொண்டே இழுத்துச் செல்ல, பின்னால் பட்டி தானாக விழுந்து இறுகும்.

சிலிக்கன் பற்றிய ஒரு வார்த்தை

புதிய இறப்பர் சரியாக உட்கார்ந்திருந்தால் பல வண்டிகளுக்கு வேறொன்றும் தேவைப்படாது. தண்ணீர்ச் சோதனையில் இன்னும் கசிந்தால், வாகனக் கண்ணாடிக்கென்று விற்கும், இறுகாமல் களிபோல் இருக்கும் கறுப்புப் பசையை வெளி உதட்டின் கீழ், கண்ணாடிப் பக்கமும் தகட்டுப் பக்கமும் மெல்லிதாக ஏற்றுங்கள். குளியலறைக்கும் மீன்தொட்டிக்கும் விற்கும் சிலிக்கன் வேறு. திறந்தவுடன் வினாகிரி மணம் வந்தால் அது காயும்போது அமிலத்தை வெளிவிடும் வகை. பெயின்ற் இல்லாத தகட்டில் அது பட்டால், தண்ணீரை நிறுத்தும் அதே இடத்தில் துருவைத் தொடக்கிவைக்கும். அதன்மேல் பின்னர் பெயின்ற்றும் பிடிக்காது. பழைய, விறைத்த இறப்பரின் மேல் இதை அப்பி வாடிக்கையாளரை அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அடுத்த மாரிக்கு அது உரிந்து வரும். அப்போது முந்தியதைவிட இரண்டு மடங்கு துப்புரவு வேலை இருக்கும்.

கதவுக் கண்ணாடியும் டிக்கியும்

ஏறி இறங்கும் கண்ணாடி இரண்டு பக்கமும் கம்பளித் துணி பதித்த ஒரு சனலுக்குள் ஓடுகிறது. கம்பளி தேய்ந்தால் கண்ணாடி கடகடக்கும். வெறும் தகரம் உரசிக் கண்ணாடியில் கோடு விழும். எலிக்குக் கூடு கட்ட இந்தக் கம்பளி மிகப் பிடிக்கும் என்பதால் நின்ற வண்டிகளில் இது இல்லாமலே போயிருக்கலாம். உட்பலகையைக் கழற்றி, கண்ணாடியை முழுவதும் இறக்கி, பழைய சனலை மேலிருந்து உருவி எடுத்து, அதே நீளத்துக்கு வெட்டிய புதியதை அமுக்கிவிடவேண்டும். கண்ணாடி இறுக்கமாக ஓடினால் ஒயில் விடவேண்டாம். கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். கதவின் இடுப்புப் பகுதியில், கண்ணாடி உள்ளே இறங்கும் வாயின் வெளிப்புறத்தில் ஓர் உதட்டு இறப்பர் இருக்கும். மழையை வழித்துவிடுவது அதுதான். வண்டியில் முதலில் சாகிற இறப்பரும் பெரும்பாலும் அதுவே, விலையும் குறைவு. அதை மாற்றும்போதே துவாரங்களையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

டிக்கி மூடியைச் சுற்றியுள்ள இறப்பரைப் பலர் கடைசிக்கு விடுகிறார்கள். நாம் அதை இரண்டாவதாக வைப்போம். புகைக்குழாய் முடிவது அதன் கீழேதான். வண்டி ஓடும்போது பின்னால் சுழலும் காற்று புகையை டிக்கி வழியாக உள்ளே இழுத்துவிடும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிகளைப் பூட்டிக்கொண்டு மழையில் தூர ஓட்டம் போகும்போது பின் ஆசனத்தில் இருப்பவர்களுக்குத் தலையிடி, வாந்தி, நித்திரை மயக்கம் வந்தால் 'பயணக் களைப்பு' என்று விடவேண்டாம். வண்டியை நிறுத்தி எல்லோரையும் காற்றுக்கு இறக்குங்கள். மயக்கம் தெளியாதவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பின்னர் டிக்கி இறப்பரையும் தரைத் துவாரங்களையும் புகைக்குழாயையும் பாருங்கள்.

யூரியா, கிருமிநாசினி, உப்பு, மீன் ஏற்றும் வண்டியானால் வீடு வந்ததும் பாய்களை எடுத்துக் கழுவுங்கள். உரம் கலந்த ஈரம் வெறும் மழைநீரைவிட வேகமாகத் தகட்டைத் தின்னும். கிடுகுக் கொட்டில் நிழல் ஒன்று இருந்தால் இறப்பரின் ஆயுள் கூடும். காய்ந்த காலத்தில் கொட்டிலில் நிற்கும்போது கண்ணாடியை ஒரு விரல் திறந்துவிட்டால் உள்ளீரமும் காயும். மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரால் இறப்பரைக் கழுவித் துடைத்து, மருந்துக்கடையில் விற்கும் கிளிசரினைத் துணியில் தொட்டு மெல்லிதாகத் தடவலாம்.

வேலை முடிந்தபின் ஒரு நாள் பொறுத்து மறுபடி கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மீதமான இறப்பர்த் துண்டைக் கறுப்புப் பையில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வண்டியின் பெயர், ஆண்டு, கண்ணாடியைச் சுற்றிய நீளம் ஆகியவற்றையும் ஒரு துண்டில் எழுதி அதோடு வைத்தால், அடுத்த முறை மாதிரி தேடிப் பழைய இறப்பரை வெட்டவேண்டி வராது.